முப்பத்தொரு வருடத்தில் ஒரு சட்டை

பேருந்து வளைந்து திரும்பும் முனையில், மருந்துக்கடைக்கும் பூட்டு ரிப்பேர் கடைக்கும் நடுவே, கண்ணாடி முகப்பு வைத்த ஒரு சலவைக்கடை இருக்கிறது. அதன் முதலாளியம்மாவுக்கு அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை இப்போது யாரும் சொல்வதில்லை. தெருவுக்கு அவள் ரசீதக்கா. ரசீது இல்லையென்றால் கூடப்பிறந்த அண்ணனே வந்து நின்றாலும் ஒரு கைக்குட்டை பெயராது. ரசீது இருந்தால் போதும், யார் என்னவென்றுகூடக் கேட்கமாட்டாள். துணியை எடுத்து நீட்டி, "மூணாவது பொத்தான் ஆடிட்டிருந்துச்சு, தச்சு வச்சிருக்கேன்" என்று சொல்லி அனுப்புவாள்.

அண்ணன் கதை வெறும் பேச்சுக்குச் சொன்னதில்லை, நிஜமாகவே நடந்தது. சொந்தப் பெண்ணின் கல்யாணத்துக்கு முதல் நாள், தேய்க்கப் போட்டிருந்த கோட்டு சூட்டை வாங்க வந்தவர் ரசீதை வீட்டிலேயே வைத்துவிட்டார். மூன்று பேருந்து மாறித் திரும்பிப் போய் எடுத்துவர வைத்தாள். எட்டு மாதம் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. "அண்ணன்னு விட்டா நாளைக்கு மச்சான் வருவாரு, அப்புறம் மச்சானோட ஃப்ரெண்டு வருவாரு" என்று அவள் சாதித்தாளே தவிர, அசரவில்லை. அந்தக் கறார்தான் கடைக்குச் சோறு போட்டது. முப்பத்தொரு வருடத்தில் அந்தக் கடையில் ஒரு துணி தொலைந்ததில்லை. இதை அவள் நாளைக்கு ஒருதரமாவது யாரிடமாவது சொல்லிவிடுவாள். கேட்க ஆள் கிடைக்காவிட்டால் பூட்டுக்கடைக்காரரைக் கூப்பிட்டாவது சொல்வாள்.

வீட்டுக்காரர் மின்சார மீட்டர் பார்த்துக் குறித்துக்கொண்டு போகும் வேலையில் இருந்தார். ஊர் வீடுகளின் இருட்டு மூலைகளில் டார்ச் அடித்துப் பார்த்தே பாதி ஆயுள் போய்விட்டதால், வெளிச்சத்தில் அதிகம் பேசமாட்டார். பேசினால் ஊசி குத்தும். மனைவியின் பெருமையை முப்பத்தொரு வருடமாக ஒருநாள் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரே மனிதர் அவர். அதற்கே தனியாக ஒரு பென்ஷன் கொடுக்கலாம்.

இப்படிப்பட்ட ரசீதக்கா ஒரு ஒட்டுப்போர்வையைப் பார்த்துப் புத்தி பேதலித்துப் போனாள்.

கொண்டுவந்தவர் பக்கத்துத் தெரு ஜியாக்ரபி டீச்சர். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியும் உலக உருண்டையைச் சுற்றிவிடுவதைப்போல விரலை ஆட்டித்தான் பேசுவார். "இத ஜாக்கிரதையா துவைக்கணும். நானே தச்சது. குவில்ட்டுனு பேரு" என்று கவுண்ட்டரில் விரித்தார். உள்ளங்கை அகலச் சதுரங்கள், ஊதாவும் மஞ்சளும் சாம்பலும். நடுவில் ஒரு நட்சத்திரம். மேலே துண்டுத்துணி, கீழே முழுத்துணி, இடையில் மெத்தென்று பஞ்சு. மூன்றையும் சேர்த்து எறும்பு வரிசையாய் ஒரு தையல் ஓடியது. கொடுத்தவர் புதன்கிழமை வருவதாகச் சொல்லிப் போய்விட்டார்.

ரசீதக்கா அதைத் துவைத்தாள், உலர்த்தினாள், மேசையில் போட்டு முன்னும் பின்னும் புரட்டினாள். அவளுக்கு வந்தது பொறாமை. சுற்றிவளைப்பானேன், அப்பட்டமான பொறாமைதான். முப்பத்தொரு வருடமாக அவள் கை நல்ல துணி எத்தனையோ தொட்டிருக்கிறது. எல்லாம் அடுத்தவருடையது. அழுக்கெடுத்து, கஞ்சி போட்டு, வந்தபடியே திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. சாயங்காலம் கடையைப் பூட்டும்போது அவள் கையால் உண்டானது என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது. ஒரு ஜியாக்ரபி டீச்சரால் முடியும்போது, ஊசியும் நூலும் தையல் மிஷினும் வைத்திருக்கிற தன்னால் முடியாதா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. மிஷின் இருந்ததும் கிழிசலுக்கும் பொத்தானுக்கும்தான் என்பது வேறு விஷயம்.

டீச்சரிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் சொல்லித் தந்திருப்பார். அதுதான் பிரச்சினை. ஊருக்கே துணியைப் பற்றிச் சொல்கிறவள், பூமத்திய ரேகை நடத்தியவரிடம் போய் எப்படித் துணியைப் பற்றிக் கேட்பது?

புதன்கிழமை டீச்சர் வந்தார்.

"இன்னும் காயல டீச்சர்."

"இந்த வெயில்லயா?"

"உள்ள பஞ்சு இருக்கில்ல. மேல காஞ்ச மாதிரி காட்டும். உள்ளுக்குள்ள ஏமாத்தும்."

வெள்ளிக்கிழமையும் காயவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமையும் காயவில்லை. வெளியே தார் உருகிக்கொண்டிருந்தது. கடைக்குள்ளே அந்தப் போர்வை சருகு மாதிரி காய்ந்து, மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரைக்கும், கடை அடைத்திருக்கும் நேரத்தில், இஸ்திரி மேசைமேல் விரிந்து கிடந்தது. பக்கத்தில் அளவு டேப்பும் பென்சிலும் பழைய காலண்டர் தாளும். ரசீதக்கா ஒவ்வொரு சதுரத்தையும் அளந்து குறித்துக்கொண்டாள். சரியாக நாலு அங்குலம்.

நாலு அங்குலச் சதுரங்களாக ஒரு பழைய திரைச்சீலையை வெட்டி, பதினாறை வரிசைக்கு நாலாகச் சேர்த்துத் தைத்துப் பார்த்தாள். நாலு நாலு பதினாறு அங்குலம் வரவேண்டும். பதினான்கேகால்தான் வந்தது. டேப்பைத் திருப்பிப் பிடித்தும் அளந்தாள். அதே பதினான்கேகால்தான்.

வேறு யாராக இருந்தாலும் தையலில் தப்பு என்று நினைத்திருப்பார்கள். ரசீதக்கா சலவைக்காரி. அளவு குறைந்தால் துணி சுருங்கிவிட்டது என்றுதான் அவளுக்குத் தோன்றும். மிச்சத் திரைச்சீலையைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கியெடுத்து, இனிமேல் சுருங்கவே வழியில்லாதபடி மூன்றுதரம் வேகவைத்து, இஸ்திரி போட்டு, மறுபடி வெட்டித் தைத்தாள். மறுபடியும் பதினான்கேகால். தைத்தபிறகுதான் சுருங்குகிறது என்று முடிவு கட்டி, தண்ணீரே படாமல் சுருங்குகிற ஒரு துணியைத் தன் வாழ்நாளில் கண்டுவிட்ட திகிலோடு வீட்டுக்குப் போனாள்.

"திரைச்சீலை விக்கிறவன் ஏமாத்திட்டான்" என்றாள் வீட்டுக்காரரிடம்.

"எந்த வருஷம் வாங்கினது?"

"பதினெட்டு வருஷம் இருக்கும்."

"பொறுமையான ஆளு. பதினெட்டு வருஷம் காத்திருந்து ஏமாத்தியிருக்கான்" என்றார் அவர்.

மறுநாள் ரசீதக்கா செய்த காரியத்தை அவள் இன்றைக்கும் நல்ல வார்த்தையில்தான் சொல்வாள். "உள்ள எட்டிப் பாத்தேன்" என்பாள். டீச்சரின் போர்வையில் ஒரு மூலையில் இரண்டு அங்குலத்துக்குத் தையலைப் பிரித்தாள் என்பதுதான் நடந்தது. பிரித்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தபோது, ஒவ்வொரு துண்டுக்கும் கால் அங்குலம் ஓரம் உள்ளே மடங்கிக் கிடந்தது தட்டுப்பட்டது. வெளியே நாலு அங்குலம் தெரிய வேண்டுமானால் நாலரை வெட்ட வேண்டும். சுருங்கினதாக நினைத்ததெல்லாம் தையலுக்கு உள்ளே போன ஓரம். தலையில் அடித்துக்கொண்டு, மூலையைத் தன் கையாலேயே தைத்து மூடி, பத்தாம் நாள், ஒருவழியாகக் காய்ந்துவிட்டதென்று போர்வையை டீச்சரிடம் கொடுத்தாள்.

டீச்சர் கவுண்ட்டரிலேயே அதை விரித்து ஓரமாகத் தடவிக்கொண்டே போனார். மூலையில் விரல் நின்றது.

"இது என் தையல் இல்லையே."

ரசீதக்கா ரசீதுப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினாள்.

"பிரிச்சுப் பாத்தீங்களா?"

"கொஞ்சமா."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே?"

"கேட்டா சொல்லிடுவீங்களே டீச்சர், அதான் கேக்கல" என்று உண்மை வாயிலிருந்து குதித்துவிட்டது.

டீச்சர் விரலை ஆட்டினார், என்னவோ சொல்ல வந்தார், பிறகு அந்த மூலையையே இன்னொருதரம் பார்த்தார். "என் தையலவிட நெருக்கமாத்தான் இருக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே எடுத்துப் போனார். அந்த ஒரு வரியைக் கேட்டபிறகு ரசீதக்காவைப் பிடித்து நிறுத்த ஆள் கிடையாது.

துணி வேண்டும். திரைச்சீலைதான் மூன்றுதரம் வெந்துவிட்டதே. கடையின் பின்கட்டில் ஒரு அலமாரி இருந்தது. யாரும் வாங்க வராத துணியெல்லாம் அதில்தான் இருக்கும். ரசீதின் பின்பக்கத்தில், ஓராண்டுக்கு மேல் எடுக்கப்படாத துணிகளுக்குக் கடை பொறுப்பல்ல என்று பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது. அச்சடித்தாளே ஒழிய, அந்த வரியை அவள் ஒருநாளும் உபயோகித்ததில்லை. வருடத்துக்கு ஒருமுறை அத்தனையையும் எடுத்துத் துவைத்து, கஞ்சி போட்டு, புது மடிப்பில் திரும்ப அடுக்குவாள். என்றைக்காவது ஒருவர் வந்தால் மக்கின வாசனையோடு கொடுக்கக்கூடாது என்பாள். இருபத்தெட்டு உருப்படிகள். கவுன், மேசை விரிப்பு, ஒற்றைத் தலையணை உறை, எவரோ ஒரு பாடகியின் மினுமினுப்பு ஜாக்கெட்.

வீட்டுக்காரர் அலமாரியும் மனைவியும் கத்திரிக்கோலும் ஒரே இடத்தில் இருப்பதைப் பார்த்தார்.

"யாராச்சும் வந்து கேட்டா?"

"இத்தன வருஷமா வராதவங்களா இப்ப வரப்போறாங்க? பின்னாடி ரூலு அச்சடிச்சிருக்கில்ல."

"அது மத்த கடைக்காரங்க போடற ரூலுன்னு நீதான் சொல்லுவ."

"உங்களுக்கு டார்ச்ச எங்க அடிக்கணும்னு ஒரு வெவஸ்தை கிடையாது" என்று அவரை வாசல்பக்கம் அனுப்பிவிட்டு வெட்டத் தொடங்கினாள்.

ஒன்று சொல்லியாக வேண்டும், சில இடங்களில் அவள் பிறவி மேதை. எந்தச் சிவப்பு சாயம் விடும், எது விடாது என்று தொட்டே சொன்னாள். ஒவ்வொரு துணியையும் வெட்டுவதற்கு முன்னால் கஞ்சி போட்டு அட்டை மாதிரி விறைக்கவைத்தாள். அதனால் குறுக்காக வெட்டின முக்கோணம்கூட இழுபடாமல் சொன்னபடி நின்றது. மூன்று அடுக்கையும் நகராமல் பிடிக்க ஊக்கு வேண்டும். சலவைக்கடையில் ஊக்குக்கா பஞ்சம்? நானூறு ஊக்கு குத்தினாள்.

மற்ற இடங்களில் தடுமாற்றம்தான். இரண்டு முறை போர்வையைத் தன் ஏப்ரனோடு சேர்த்துத் தைத்துவிட்டு, மணி அடித்துக் கூப்பிட்ட வாடிக்கையாளரிடம் போர்வையை இழுத்துக்கொண்டே போய் நின்றாள். ஒருமுறை கீழ்த்துணியை நல்ல பக்கம் உள்ளே போகும்படி வைத்து முக்கால்வாசி தைத்தபிறகு கண்டுபிடித்து, முழுவதையும் பிரித்தாள். மூன்று அடுக்கையும் தாண்டி ஊசி வெளியே வர மறுத்தபோது, பூட்டுக்கடையிலிருந்து குறடு கடன் வாங்கினாள். விரல் நுனியெல்லாம் பொத்தல். இஸ்திரிப் பெட்டியைத் தொட்டால் எரிந்தது, அதையும் சந்தோஷமாகப் பொறுத்துக்கொண்டாள்.

நடு நட்சத்திரத்துக்கு ஒரு சட்டையை எடுத்தாள். வெள்ளையில் பச்சைக் கோடு போட்டது. மூன்று வருடத்துக்கு மேலாக அலமாரியில் இருந்த அருமையான பருத்தி. கஞ்சிக்கு அடங்கும், இஸ்திரிக்கு மினுங்கும், கோடு ஒரு நூல் பிசகாது. வருடா வருடம் அதைத் தேய்க்கும்போது மட்டும் அவள் ஏதோ பாட்டு முனகுவாள். முதுகுத்துணியில் நடுச்சதுரம், முன்துணியில் எட்டு முக்கோணம், கைத்துணியில் அதைச் சுற்றி ஒரு கரை. கத்திரிக்கோல் போகும்போது சின்னதாக ஒரு உறுத்தல் வந்தது. கழுத்துப்பட்டி, கைப்பட்டி, பொத்தான்களை எறிய மனசு வராமல் ஒரு உறையில் போட்டுவைத்தாள்.

பதினோரு வாரத்தில் போர்வை முடிந்தது. முடிந்த கையோடு பழக்கதோஷத்தில் அதைத் துவைத்து, முறுக்கிப் பிழிந்து, முழுப்போர்வைக்கும் கஞ்சி போட்டுவிட்டாள். காய்ந்தபின் கொடியிலிருந்து எடுத்தால் மடங்க மறுத்தது. சுவரில் சாய்த்து வைத்தாள், நின்றது. வேலை முடிந்து வந்த வீட்டுக்காரர், "கதவுக்கு அளவு குடுத்திருந்தா நானே ஆளு விட்டு செஞ்சிருப்பேனே" என்றார். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கண்ணாடி முகப்பில், தெருவைப் பார்த்து அதை மாட்டினாள். போவோர் வருவோர் நின்று பார்த்தார்கள். "யாருதுக்கா?" என்று கேட்டார்கள். "என்னுது" என்றாள். அதுவரை அந்த வார்த்தையை அந்தக் கடைக்குள் வைத்து அவள் சொன்னதே இல்லை.

எண்ணிப் பத்தாவது நாள், ஒரு திங்கட்கிழமை காலையில், அகலமான ஒரு ஆள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். கப்பலில் சமையல்காரர். கையில் பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டிய ஒரு ரசீது.

"அக்கா, ஞாபகம் இருக்கா? மூணு வருஷம் நாலு மாசம் ஆச்சு. கப்பல் மாத்தி மாத்தி அனுப்பிட்டாங்க. ஒரு சட்டை. பச்சைக் கோடு."

ரசீதக்காவுக்கு முகம் ஞாபகமில்லை, அவளுக்கு யார் முகமும் தங்காது. ஆனால் ரசீதில் இருந்தது, அவள் வெட்டின சட்டையின் காலரில் எழுதியிருந்த அதே எண்.

"கப்பல்ல எல்லாரும் சிரிச்சாங்கக்கா. மூணு வருஷம் கழிச்சு சட்டை இருக்குமான்னு. நான் சொன்னேன், எங்க தெருவுல ஒரு கடை இருக்கு, பத்து வருஷம் ஆனாலும் ரசீத நீட்டினா இஸ்திரி போட்டுத் தருவாங்கன்னு. இருபத்திரண்டு பேரு பந்தயம் கட்டியிருக்காங்க, எல்லாரும் எனக்கு எதிரா. சனிக்கிழமை கப்பல் ஏறணும். அந்தச் சட்டையப் போட்டுட்டுத்தான் ஏறப்போறேன்."

அவள் பேர் கடல் தாண்டிப் போயிருக்கிறது. முப்பத்தொரு வருடமாகப் பூட்டுக்கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்ததை ஒரு மனிதர் நடுக்கடலில் நின்று சொல்லியிருக்கிறார். வேறொரு நாளாக இருந்தால் அவள் கண்ணில் நீர் கட்டியிருக்கும்.

"பின்னாடி குடோன்ல இருக்கு. எடுத்து வைக்கிறேன். புதன்கிழமை வாங்களேன்" என்றாள்.

அவர் போகாமல் ஸ்டூலில் உட்கார்ந்தார். "அது என்னக்கா, சன்னல்ல? பிரமாதமா இருக்கு" என்று எழுந்து போய்த் தன் சட்டையின் முதுகையே தடவிப் பார்த்தார். "துணி நல்ல துணி" என்றும் சொன்னார். ரசீதக்கா இல்லாத தூசியைக் கவுண்ட்டரில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று மத்தியானமே மூன்று துணிக்கடை ஏறி இறங்கினாள். பச்சைக் கோடு கிடைத்தது, கோடு தடிமன். மெல்லிசுக் கோடு கிடைத்தது, பச்சை வேறு பச்சை. கப்பல்காரரை ஏமாற்றிவிடலாம், அவர் கோட்டை அளக்கப்போவதில்லை. ஆனால் அடுத்தவர் சட்டையின் எண்ணைப் புதுக் காலரில் எழுத அவளுக்குக் கை வராது. அவள் எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்வாள், ஒரு துணியை இன்னொரு துணி என்று மட்டும் சொல்லமாட்டாள்.

புதன்கிழமை, "எடுத்துப் பாத்தேன், கொஞ்சம் மங்கியிருந்துச்சு, துவைச்சுப் போட்டிருக்கேன், காயல" என்றாள். வெயில் மண்டையைப் பிளந்தது. வியாழக்கிழமை இஸ்திரிப் பெட்டி ரிப்பேர் ஆனது. அதைச் சொல்லும்போது அவள் கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியிலிருந்து ஆவி பறந்தது. கப்பல்காரர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ரசீதைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

"போர்வையக் குடுத்துடு" என்றார் வீட்டுக்காரர் அன்று சாப்பிடும்போது. "இல்ல, தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லிடு. ரெண்டுல ஒண்ணு. போர்வையும் வேணும், பேரும் வேணும்னா எப்படி?"

"நட்சத்திரத்தப் பிரிச்சு சட்டையாத் தச்சுடறேன். கழுத்துப்பட்டி, கைப்பட்டி எல்லாம் எடுத்து வச்சிருக்கேன்."

"முடியுமா?"

"முடியும்" என்றாள். அவளால் முடியும் என்பதுதான் கொடுமை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கடையை அடைத்துவிட்டு, போர்வையை இறக்கி மேசையில் போட்டாள். பிரிக்கும் ஊசியை எடுத்து நாலு தையலைப் பிரித்தாள். பொத்தல் விழுந்த விரலால் தான் ஒவ்வொன்றாகப் போட்ட தையல்கள் அவை. ஐந்தாவதைப் பிரிக்கக் கை போகவில்லை. அழுகை வந்தது. ஒரு சட்டைக்காக அழுகிறோமே என்று கோபமும் வந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டு நாலு தையலையும் திரும்பப் போட்டாள். பிறகு போர்வையைப் பழைய இடத்திலேயே மாட்டினாள்.

சனிக்கிழமை காலை கடை திறந்தபோது கப்பல்காரர் பையும் கையுமாக வாசலில் நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்காரர் அன்று வேலைக்குப் போகவில்லை. வேடிக்கை பார்க்கவா துணைக்கு நிற்கவா என்று அவருக்கே தெளிவில்லாமல் ஒரு மூலையில் நின்றார்.

"அக்கா, இன்னிக்கு என்ன? மழையா?"

"சட்டைய வெட்டிட்டேன்" என்றாள் ரசீதக்கா.

"என்னது?"

"நான்தான் வெட்டினேன். அந்தா மாட்டியிருக்கில்ல, அதுல நடுவுல இருக்கு."

அவர் பையை இறக்கி வைத்துவிட்டு கண்ணாடிப் பக்கம் போனார். பச்சைக் கோட்டை விரலால் தொட்டுக்கொண்டே ஒவ்வொரு முக்கோணமாக எண்ணினார். திரும்பியபோது முகத்தில் சிரிப்பு இல்லை. மூன்று வருடம் நாலு மாதம் ஒரு துண்டுக் காகிதத்தை உறை போட்டுக் காப்பாற்றிய மனிதருக்குக் கோபம் வராமல் எப்படி இருக்கும்?

"இதத் தொட்டுப் பாத்து நல்லா இருக்குன்னு வேற சொன்னேன். நீங்களும் கேட்டுக்கிட்டு நின்னீங்க."

"ஆமா. தப்புதான்."

"சரி. அப்ப இதையே குடுங்க. என் சட்டை இதுக்குள்ள இருக்கு, ரசீது என் கையில இருக்கு."

நியாயம். அவளுடைய சட்டப்படியே நியாயம். ரசீது இருந்தால் திருப்பிக் கொடுத்தே ஆகவேண்டும், அதில் கேள்வி இல்லை. வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டுக்கொண்டு, போர்வையை இறக்க ஸ்டூலை எடுத்து வைத்தார்.

"ஸ்டூல அங்கயே வைங்க" என்றாள் அவள். பிறகு கப்பல்காரரைப் பார்த்து, "தர மாட்டேன்" என்றாள்.

"ரசீது இருக்குக்கா."

"இருக்கட்டும். இத நான் செஞ்சேன். வேற சட்டை கேளுங்க, ரெண்டா எடுத்துத் தர்றேன். ஆயுசு பூரா உங்க துணிய நான் துவைச்சுத் தர்றேன். இது என்னுது, இத யாருக்கும் தர மாட்டேன்."

முப்பத்தொரு வருடத்தில் ரசீதோடு கேட்டுவந்த துணியை இல்லையென்று சொன்னது அதுதான் முதல் தடவை. அண்ணனிடம் சொன்னதுகூடக் காகிதத்துக்காகச் சொன்னது.

கப்பல்காரர் ரசீதைக் கவுண்ட்டரில் வைத்தார். "அப்ப தொலைச்சுட்டேன்னு எழுதிக் குடுங்க" என்றார் கடைசியில். "அந்த இருபத்திரண்டு பேருக்கும் நான் காட்டணும்ல. கடையும் சட்டையும் நிஜம், நான் பொய் சொல்லலன்னு தெரியணும்."

வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் அஞ்சியது இதற்குத்தான். உயிரைக் கேட்டால்கூடக் கொடுப்பாள், இதை எழுதமாட்டாள் என்று நினைத்தார்.

ரசீதக்கா ரசீதுப் புத்தகத்தை இழுத்துப் போட்டு, கார்பன் தாளை வைத்து, நிறுத்தி நிதானமாக எழுதினாள். சட்டை ஒன்று, வெள்ளையில் பச்சைக் கோடு, முழுக்கை. கடையில் தொலைந்தது. தொலைத்தது நான். கீழே கையெழுத்துப் போட்டாள். தெருவில் யாரும் சொல்லாத அந்தப் பெயரை முழுசாக எழுதினாள். தாளைக் கிழித்து, கழுத்துப்பட்டியும் கைப்பட்டியும் பொத்தானும் இருந்த உறையோடு சேர்த்து நீட்டினாள்.

அவர் உறைக்குள் எட்டிப் பார்த்தார். கழுத்துப்பட்டி கஞ்சி போட்டு விறைப்பாக நின்றது. அதைப் பார்த்ததும் அவருக்கு அடக்கமாட்டாமல் சிரிப்பு வந்துவிட்டது. "இத மட்டும் மாட்டிக்கிட்டு ஏறட்டுமா?" என்றார். பையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவுவரை போனவர், கண்ணாடி முகப்பில் மறுபடி நின்றார். கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை. குத்திக்காட்ட ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது.

"அந்த நட்சத்திரம், மேல் மூலை கோணலா இருக்கு, கவனிச்சீங்களா?"

"அது தச்ச அன்னிக்கே தெரியும்" என்றாள் ரசீதக்கா. "எத்தனை தடவை பிரிச்சுத் தச்சாலும் எனக்கு அப்படித்தான் வருது."